சுவரில் தொங்கின சேட்டிபிக்கற்

1

எங்கள் உரும்பிராய் ஊர்ச் சங்கம் வருசா வருசம் போட்டு ஊருக்கும் அனுப்புகிற மலருக்கு இந்த முறை என்னையும் எழுதச் சொல்லிக் கேட்டார்கள். கனடாவுக்கு வந்து முப்பது வருசம் தாண்டின ஆட்களில் மிச்சம் இருக்கிறவர்களை எல்லாம் எழுதச் சொல்கிறார்களாம். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக்கூட்டி ஆறுதலாகத்தான் எழுதுவேன். பிழை திருத்தினது எங்கள் கட்டிடத்தில் ஆறாம் மாடியில் இருக்கிற றோஸ் ரீச்சர். எழுத்தைத்தான் திருத்த விட்டேன். சொல்ல வந்த விசயத்தில் கை வைக்க விடவில்லை.

மற்ற ஆட்கள் முதல் கண்ட பனியையும் முதல் செய்த வேலையையும் எழுதுவார்கள். நான் ஒரு கொலிச்சைப் பற்றி எழுதப் போகிறேன். உரும்பிராயில் படிக்கிற பிள்ளை வைத்திருக்கிற ஆட்களுக்கு இது உதவும். எனக்கு இது வெட்கக்கேடு. உதவும் என்பதற்காக வெட்கக்கேட்டை எழுதுகிறேன்.

2

எனக்குச் சீனி வருத்தம். மூன்று மாதத்துக்கு ஒருக்கா இரத்தம் குடுக்கப் போகவேண்டும். போன மாசி மாதம் அப்படி ஒரு நாள், வெறும் வயிற்றோடு சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிற்கிறேன், ரெலிபோன் அடிக்கிறது. ஊரில் இருந்து கடைசித் தம்பி செல்வராசா. இங்கே காலமை என்றால் அங்கே பின்னேரம், தோட்டத்தால் வந்து கால் கழுவிவிட்டு எடுத்திருக்கிறான்.

"அக்கா, துளசிக்கு உங்கை கொலிச் கிடைச்சிட்டுது."

"எந்தக் கொலிச்?"

"உங்கடை வீட்டிலை இருந்து ஒரு மணித்தியாலமாம். லாப் படிப்பு. ரத்தம், சலம் எல்லாம் சோதிக்கிற படிப்பு. ரெண்டு வருசம் முடிஞ்ச கையோடை ஆஸ்பத்திரியிலை வேலையாம். ஏஜென்சிக்காரன் கடிதம் எடுத்துத் தந்திட்டான்."

ஏஜென்சிக் கந்தோர் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட மேல் மாடியிலாம். குளிரூட்டின அறையாம். துளசி செல்வராசாவுக்கு ஒரே பிள்ளை, பத்தொன்பது வயது. உயர்தரத்தில் உயிரியல் படித்தவள், மூன்று பாடமும் பாஸ், ஆனால் பல்கலைக்கழகத்துக்குப் போகப் புள்ளி காணாது. லாப் படிப்புத்தான் வேண்டும் என்று சின்னனில் இருந்து சொல்லுகிற பிள்ளை. தகப்பனுக்கு ஒருமுறை டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கண்ணாடிக் குழாயோடு ஓடித் திரிந்த ஆட்களைப் பார்த்து வந்த ஆசை.

"அக்ரெடிட்டட் கொலிச் எண்டு நோட்டீசிலை கொட்டை எழுத்திலை போட்டிருக்கக்கா. அங்கீகாரம் எண்டு அர்த்தமாம்."

ஆர் குடுத்த அங்கீகாரம் என்று நான் அப்போது கேட்கவில்லை. அந்தக் கேள்வி என் வாய்க்கு வர ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது.

"கிணத்தடிக் காணிக்கு ஆள் நிக்குது. நீ ஒருக்காப் போய்ப் பாத்திட்டு ஓம் எண்டு சொல்லு. நீ ஓம் எண்டால் நான் காணியை வித்து உறுதி எழுதிறன்."

அந்தக் காணியில்தான் எங்கள் அப்பு எங்கள் ஏழு பேரையும் வளர்த்தவர். இன்றைக்கும் செல்வராசா வெங்காயம் வைக்கிறது அதில்தான். வேறு காணி அவனுக்கு இல்லை.

பிறகு துளசி ரெலிபோனை வாங்கினாள். அதிகம் கதைக்காத பிள்ளை. ஒரு விசயம்தான் கேட்டாள்.

"மாமி, அந்த லாப்பிலை மைக்கிரஸ்கோப் ஆளுக்கொண்டு இருக்கோ எண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்கோ. எங்கடை பள்ளிக்கூடத்திலை பதினெட்டுப் பேருக்கு ஒண்டு."

3

விசாரிக்கிறது எப்படி என்று எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. எங்கள் ஆட்கள் பொம்பிளைப் பிள்ளையைக் கட்டிக் குடுக்க முன்னம் எப்படி விசாரிப்பார்கள் என்று ஊரில் இருக்கிற உங்களுக்குத் தெரியும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது தெரியாது, சொன்னால் சிரிப்பார்கள்.

எனக்குச் சம்பந்தம் வந்தபோது அப்பு மாட்டுக்கன்று வாங்கப் போகிற ஆள் மாதிரி சைக்கிளில் மாப்பிளையின் ஊருக்குப் போனார். மாப்பிளை வீட்டு வாசலையே மிதிக்கவில்லை. சந்தியில் தேத்தண்ணி குடித்தார். சைக்கிள் கடையில் காத்து அடித்தார். மாப்பிளையோடு முந்தி வேலை செய்தவன் ஒருவனைத் தேடிப் பிடித்து, கன்று விலை கேட்கிற சாட்டில் அரை நாள் இருந்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்: "பெடியன் கோபக்காரன். ஆனால் சொன்ன வேலையைச் செய்வானாம். குடிக்கமாட்டான்."

மூன்றும் உண்மை. அவர் கண்ணை மூடும் வரை நாற்பத்தோரு வருசம் அந்த மனிசனோடு இருந்து சொல்லுகிறேன்.

மாப்பிளை வீட்டைக் கேட்டால் என்ன சொல்லுவார்கள்? அங்கே போனால் பலகாரம்தான் வரும். இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் நான் அந்தக் கொலிச்சுக்கு நேராகப் போனேன்.

4

பங்குனியில் பனி கொஞ்சம் இளகினவுடன் றோஸ் ரீச்சரைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். ரீச்சர் ஊரில் ஒரு மிசன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பித்தவ. தகப்பன் போதகர், பாட்டனும் போதகர், குடும்பமே படித்த குடும்பம். எனக்கும் அவவுக்கும் ஊரில் இருந்திருந்தால் ஒரு சங்காத்தமும் இருந்திராது. இங்கே ஒரே லிஃப்ற், ஒரே சலவை அறை. பதினொரு வருசச் சிநேகிதம்.

"ரீச்சர், நீங்கள் இங்கிலீசைப் பாருங்கோ. ஆக்களை நான் பாக்கிறன்" என்றேன் பஸ்ஸுக்குள்.

"ஓம், நீர் மாப்பிளையைப் பாரும். நான் சீதனத்தை வாசிக்கிறன்" என்றா.

இரண்டு பஸ், ஒரு ரெயின், பிறகு சறுக்குகிற நிலத்தில் பத்து நிமிச நடை. போய் நின்றால் மூன்று மாடிக் கட்டிடம். கீழே ஒரு மீன்கடையும் பல்லு டொக்டரும். மேல் இரண்டு மாடியும் கொலிச். தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவு, மாபிள் நிலம், எத்தனையோ நாட்டுக் கொடிகள். கோட்டுப் போட்ட ஒரு பெட்டை ஓடி வந்து எங்கள் குளிர்ச் சட்டைகளை வாங்கிக் கொழுவினாள். கோப்பியும் பிஸ்கற்றும் வந்தது. கடதாசிக் கோப்பையில் இல்லை, பீங்கானில்.

கொம்பியூற்றர் அறை காட்டினாள். சாமி கும்பிட ஒரு அறை காட்டினாள். எந்தச் சமயக்காரரும் வரலாமாம். ரீச்சர் அதில் நன்றாக மசிந்துபோனா. "எவ்வளவு யோசிச்சுச் செய்திருக்கினம், பரமேசு" என்றா.

"லாப்?" என்று கேட்டேன். அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு ரீச்சர் தேவையில்லை.

லாப் பூட்டியிருந்தது. திறப்பு வைத்திருக்கிறவர் அன்றைக்கு வரவில்லையாம். கதவில் இருந்த சின்னக் கண்ணாடியால் எட்டிப் பார்த்தேன். வெள்ளை மேசைகள் தெரிந்தது. மைக்கிரஸ்கோப்பை உறை போட்டு மூடி வைத்திருப்பார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

"கவர்மெண்ட்?" என்று கேட்டேன். பெட்டை சிரித்துக்கொண்டு சுவரைக் காட்டினாள். பொன் கரை போட்ட சட்டங்கள், உயரத்தில், ஒன்பது. ஒன்றில் உள்ளங்கை அகலத்தில் சிவப்பு முத்திரை. ரீச்சருக்குக் கண் ஒப்பரேசன் செய்து இரண்டு மாதம்தான், அவ்வளவு உயரத்தில் வாசிக்க ஏலாது. அதைச் சொல்ல அவவின் பெருமை விடாது. "எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு" என்று தலையை ஆட்டினா. நான் ரெலிபோனில் சுவரைப் படம் எடுத்தேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, இரவு ஊருக்கு எடுத்தேன். அங்கே விடிந்துவிட்டது.

"தம்பி, இடம் நல்ல இடம். மாபிள் போட்டிருக்கு. சுவர் முழுக்கச் சேட்டிபிக்கற்."

"அப்ப ஓமோ அக்கா?"

"ஓம்."

பின்னால் மச்சாள், அவன் மனைவி, "அம்மாளாச்சி" என்று சத்தமாகச் சொன்னது கேட்டது. சந்தோசமாகப் படுத்தேன்.

5

ஒரு கிழமை கழித்துப் பின்னேரம் போல ரீச்சர் வந்தா. கண் கொஞ்சம் தெளிந்திருந்தது. "அந்தப் படத்தைக் காட்டும் பாப்பம்" என்றா. ரெலிபோனை வாங்கி இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தா. நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன்.

"இது தீயணைப்புக்காரன் குடுத்தது. நெருப்புப் பிடிச்சால் ஓட வழி இருக்காம்."

"நல்லதுதானே. மற்றது?"

"கொம்பனிப் பதிவு. கடை திறக்கிறவன் எல்லாரும் எடுக்கிறது. கீழை இருந்த மீன்கடைக்காரனிட்டையும் இருக்கும்."

"மூண்டாவது?"

"லிஃப்ற் சோதிச்ச கடுதாசி."

"ரீச்சர், பகிடி விடாதேங்கோ."

"நான் ஏன் பகிடி விடுறன்? இந்தா, நாலாவது வியாபாரிகள் சங்கத்திலை அங்கத்தவர் எண்டு. அஞ்சாவது வகுப்பு நடத்த அனுமதி. அது உண்மையான கடுதாசி, அரசாங்கத்தின்ரை. ஆனால் அது நடத்த விடுற கடுதாசி. நல்லா நடத்தினம் எண்டு சொல்லுற கடுதாசியில்லை."

"சிவப்பு முத்திரை?"

"அதுதான் உம்மடை தம்பி சொன்ன அக்ரெடிட்டட்." படத்தை இன்னும் கொஞ்சம் விரித்தா. "பரமேசு, நாங்கள் போன கட்டிடத்தின்ரை நம்பர் என்ன?"

விலாசம் எழுதின துண்டு குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. எடுத்துக் குடுத்தேன்.

"இந்த முத்திரை குத்தின சபையும் அதே தெரு. அதே நம்பர். மூண்டாம் மாடி."

"அப்பிடியெண்டால்?"

"அப்பிடியெண்டாலோ? மாப்பிளை நல்லவன் எண்டு மாப்பிளையின்ரை தமையன் எழுதிக் குடுத்திருக்கிறான்."

தேத்தண்ணி ஆறிப்போனது.

ரீச்சர் அப்போது தன் பள்ளிக்கூடத்துக் கதை ஒன்று சொன்னா. அந்தக் காலத்தில் இன்ஸ்பெக்டர் வருவாராம். அவர் வருகிறார் என்றால் சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள், பூச்சாடி வைப்பார்கள். அவர் சுவரைப் பார்க்கமாட்டாராம். கடைசி வாங்கில் இருக்கிற ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுவாராம்.

"அதுதான் அங்கீகாரம். வெளியிலை இருந்து ஒருத்தன் வரவேணும். வந்து பிள்ளையைப் பாக்கவேணும்" என்றா.

நான் ஆறின தேத்தண்ணியைத் திரும்பச் சூடாக்கினேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் இன்ஸ்பெக்டர் வந்தவர். அதுக்கு முதல் நாள் வாத்தியார், வாசிக்கத் தெரியாத ஐந்து பேரை நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அதில் நானும் ஒருத்தி. வெங்காயம் பிடுங்குகிற நேரம், வீட்டிலும் கை தேவைப்பட்டது. அந்த ஒரு நாள் நின்றவள் பிறகு போகவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அந்த முறை நல்ல அறிக்கை கிடைத்தது என்று கேள்வி. ரீச்சருக்கு இதை இன்றைக்குத்தான், திருத்தக் குடுக்கிறபோது, சொல்லியிருக்கிறேன்.

6

அதுக்குப் பிறகுதான் அப்பு செய்ததைச் செய்தேன். மாப்பிளை வீட்டை விட்டுவிட்டுச் சந்திக்குப் போனேன்.

எனக்கு இரத்தம் எடுக்கிறவ ஒரு பிலிப்பைன்ஸ் பிள்ளை. கிரேஸ் என்று கழுத்து அட்டையில் எழுதியிருக்கும். எட்டு வருசமாக எனக்கு ஊசி குத்துகிறது அந்த ஒரே கைதான். அடுத்த முறைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. சும்மா போய் வரிசையில் நம்பர் எடுத்து இருந்தேன். என் முறை வந்ததும், "இண்டைக்கு இரத்தம் இல்லை, கேள்விதான்" என்றேன், என்னிடம் இருக்கிற இங்கிலீசில். கொலிச்சின் பேர் எழுதின துண்டைக் காட்டினேன்.

கிரேஸ் பார்த்துவிட்டு, "யாருக்கு?" என்றாள்.

"என் தம்பி மகளுக்கு. உங்களை மாதிரி வேலைக்கு."

அவள் கையுறையைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் இருந்தாள். உள்ளே லாப்பில் வேலை செய்ய ஒரு சோதனை எழுத வேண்டுமாம். அந்தச் சோதனைக்கு இருக்க விடுகிறது, அங்கீகாரம் உள்ள படிப்பை முடித்த ஆட்களைத்தானாம். கொலிச் நல்ல கொலிச்சோ கூடாத கொலிச்சோ என்பது வேறு விசயம். அந்தப் படிப்பு, அந்தச் சோதனைக்காரரின் பட்டியலில் இருக்கிறதோ என்பதுதான் விசயம். தன் சிநேகிதி ஒருத்தி இப்படி ஒரு இடத்தில் இரண்டு வருசம் படித்துவிட்டு, இப்போது ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருக்கிறாளாம்.

அடுத்த நாள் ரீச்சர் என் வீட்டில் இருந்து மூன்று ரெலிபோன் எடுத்தா. இந்த நாட்டில் ரெலிபோன் எடுப்பதென்றால் உங்களுக்குத் தெரியாது. ஒன்றை அமத்து, நாலை அமத்து, பிறகு பாட்டுப் போடுவார்கள். ஒரு பாட்டிலேயே நான் சோறு வடித்து முடித்தேன்.

முதல், சோதனை நடத்துகிற கந்தோர். அந்தக் கொலிச்சின் படிப்பு எங்கள் பட்டியலில் இல்லை என்றார்கள்.

இரண்டாவது, அரசாங்கக் கொலிச் ஒன்று. அந்த மாபிள் கொலிச்சில் ஒரு வருசம் படித்துவிட்டு உங்களிடம் வந்தால் எத்தனை பாடம் கழிப்பீர்கள் என்று ரீச்சர் கேட்டா. ஒன்றும் கழிக்கமாட்டோம், முதலில் இருந்து தொடங்க வேண்டும் என்றார்கள்.

மூன்றாவது, அந்தக் கொலிச்சேதான். கோட்டுப் போட்ட அதே பெட்டை. முடித்த பிள்ளை சோதனை எழுதலாமோ என்று ரீச்சர் நேராகக் கேட்டா. அனுமதி வருகிற வழியில் இருக்கிறது என்றாள்.

"எவ்வளவு காலமா வழியிலை இருக்கு?" என்று ரீச்சர் கேட்டா.

திரும்பவும் பாட்டுப் போட்டார்கள்.

அன்றைக்கு என் இளைய மகளின் சின்ன மகன் வந்திருந்தான். இங்கே பிறந்தவன், என்னோடு பாதித் தமிழ், பாதி தோள்குலுக்கல். சோபாவில் கிடந்தபடி, "அம்மம்மா, நெற்றிலை பாத்திருந்தால் அஞ்சு நிமிசம்" என்றான். உண்மைதான். பட்டியல் நெற்றில் இருக்கிறதாம், எல்லாருக்கும் திறந்தபடி. ஆனால் எந்தப் பட்டியலைப் பார்ப்பது என்று தெரிந்தால்தானே பார்க்கலாம். ஏஜென்சிக்காரனும் நெற்றில்தான் காட்டினவன், கொலிச்சின் சொந்தப் பக்கத்தை.

7

இனி ஊருக்குச் சொல்ல வேண்டும்.

இரண்டு நாள் எடுக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் நான் சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்தவள் இல்லை. மூன்றாம் நாள், எனக்குப் பின்னால் சுவர் தெரிய, முகம் தெரிகிற மாதிரி எடுத்தேன். செல்வராசா, மச்சாள், துளசி மூன்று பேரும் ஒரே சின்னக் கண்ணாடிக்குள் நின்றார்கள்.

"தம்பி, அந்த இடம் வேண்டாம்."

"என்னக்கா கதைக்கிறாய்? நீதானே நல்ல இடம் எண்டு சொன்னனீ."

"பிழையாச் சொல்லிப்போட்டன்."

"நான் அச்சவாரம் வாங்கிட்டன். வாற புதன்கிழமை உறுதி. மாபிள் எண்டாய், சுவர் முழுக்கச் சேட்டிபிக்கற் எண்டாய்!"

ரீச்சர் வாசித்ததையும் கிரேஸ் சொன்னதையும் சொன்னேன். அவனுக்குக் காது கேட்கவில்லை. விற்கிறது என்று மனம் முடித்தவனுக்கு விற்காதே என்று சொல்லுகிறது கஷ்டம். அப்போது மச்சாள் பக்கத்தில் நின்று, எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னா:

"அவைக்கு எங்கடை பிள்ளை அங்கை போறது விருப்பமில்லை. வசந்தி மாதிரி கொலிச்சிலை படிச்சுக் கந்தோரிலை இருந்திடுவாள் எண்டு பயம். விடுங்கோ."

வசந்தி என் மூத்தவள். சொல்ல வந்த வெட்கக்கேடு இதுதான்.

நாங்கள் கனடாவுக்கு வந்து மூன்றாம் வருசம், வசந்திக்கு இருபத்தைந்து வயது. கணக்கும் கொம்பியூற்றரும் ஒரு வருசத்தில் படிப்பிக்கிற கொலிச் ஒன்றைப் பிடித்தது நான். அவள் வேறு ஒரு இடத்தைப் பார்த்து வைத்திருந்தாள், தூரம், இரண்டு வருசம். நான்தான் மறித்தேன். நான் பிடித்த கொலிச்சின் வாசலில் நின்ற பெடியன் தமிழில் "வாங்கோ அம்மா" என்று சொன்னான். எனக்கு அது போதும். அவள் முடித்து, தொப்பி போட்டுப் படமும் எடுத்தாள். அந்தக் கடுதாசியோடு போன கந்தோர் எல்லாம் காரணம் சொல்லாமல் அவளைத் திருப்பி அனுப்பியது. அடுத்த வருசம் கொலிச்சே இல்லை, பிழை கொலிச்சில்தான் என்று எனக்கு அப்போதே விளங்கியது. இப்போதைக்கு என்று ஒரு பேக்கரிக்குப் போனாள். இருபத்தேழு வருசமாக அங்கேதான் பாண் அடுக்குகிறாள். ஊருக்கு நான் "வசந்தி கந்தோரில்" என்று எழுதினேன். அவளின் சேட்டிபிக்கற்றைப் பொன் கரைச் சட்டம் போட்டு, வருகிற ஆட்கள் பார்க்கிற சுவரில் கொழுவினேன்.

நான் எழும்பி அந்தச் சட்டத்தை ஆணியில் இருந்து கழற்றினேன். ரெலிபோனுக்கு முன்னால் பிடித்தேன்.

"துளசி, உனக்கு இங்கிலீசு தெரியும். வாசி."

பிள்ளை கொலிச்சின் பேரை வாசித்தாள். வசந்தியின் முழுப் பேரை வாசித்தாள்.

"இப்ப இந்தக் கொலிச் எங்கை, மாமி?"

"அந்த இடத்திலை இப்ப மெத்தைக் கடை. உன்ரை மச்சாள் கந்தோரிலை இல்லை. பேக்கரியிலை. வந்த நாலாம் வருசத்திலை இருந்து பேக்கரியிலை. நான்தான் பொய் எழுதினனான்."

மச்சாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றா. செல்வராசா பார்வையைத் திருப்பினான். கடைசியில் துளசிதான் கேட்டாள்.

"மாமி, மைக்கிரஸ்கோப் இருந்ததோ?"

"அறை பூட்டியிருந்தது, பிள்ளை. நான் காணேல்லை. கண்ட மாதிரிக் கதைச்சுப்போட்டன்."

"அப்பா, புதன்கிழமை வேண்டாம்" என்றாள்.

8

ஞாயிற்றுக்கிழமை வசந்தி வந்தாள். அவள் ஞாயிறு மட்டும்தான் வருவாள், சாமான் வாங்கித் தந்து, சலவை போட்டுவிட்டுப் போவாள். சுவரைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். அவளைக் கேளாமல் அவளின் கதையைச் சொன்னது பிழை என்றும் சொன்னேன்.

அவள் கோப்பை கழுவிக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"மாமாவுக்குச் சொன்னது சரி அம்மா. அந்தக் கொலிச்சிலைதான் பிழை எண்டு எனக்கு ஏன் அப்ப சொல்லேல்லை? என்ரை கெட்டித்தனம் காணாது எண்டெல்லோ நான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

அவள் கழுவின கோப்பைகளை வாங்கித் துடைத்து வைத்தேன். மலருக்கு எழுதட்டோ என்று கேட்டேன். "எழுதுங்கோ. என்ரை பேரைப் போட்டே எழுதுங்கோ" என்றாள்.

ரீச்சரிடமும் கேட்டேன், அந்தச் சட்டம் இவ்வளவு காலமும் சுவரில் கிடந்ததே, நீங்கள் வாசிக்கவில்லையோ என்று.

"முதல் நாளே வாசிச்சனான்."

"பிறகு ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லை" என்றா.

செல்வராசா அச்சவாரத்தைத் திருப்பிக் குடுத்தான். வாங்க நின்ற ஆள் சந்தியில் வைத்து ஏசினாராம். காணி நிற்கிறது. ஏஜென்சிக்காரனிடம் துளசி தானே படி ஏறிப் போய், "இதைப் படிச்சு முடிச்சவை எழுதுற சோதனை எது? அந்தச் சோதனைக்காரரின்ரை பட்டியலிலை இந்தப் படிப்பு எத்தனையாவது?" என்று கேட்டிருக்கிறாள். அவன் வேறு நாடு ஒன்றுக்கு நோட்டீஸ் எடுத்து நீட்டினானாம்.

பிறகு அவள் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். நோயாளி வரிசையில் நின்று, லாப் யன்னலுக்குக் கிட்ட வந்ததும், "நான் ரத்தம் குடுக்க வரேல்லை, ஒரு கேள்வி கேக்க வந்தனான்" என்றாளாம். ஆர் சொல்லிக் குடுத்தது என்று எனக்குத் தெரியாது, நான் கிரேஸிடம் போன கதையை அவளுக்கு இரண்டு தரம்தான் சொன்னேன். உள்ளே இருந்த அம்மா முதலில் ஏசினாவாம். பிறகு, எந்தெந்தப் படிப்பை முடித்தால் இலங்கையில் பதிவு குடுப்பார்கள் என்று துண்டில் எழுதிக் குடுத்தாவாம். துளசியிடம் மூன்று தனியார் இடங்களின் நோட்டீஸ் இருந்தது. இரண்டு அந்தத் துண்டில் இல்லை. ஒன்று இருந்தது. அங்கே மாபிள் இல்லையாம், லிஃப்ற் இல்லையாம், விறாந்தையில் ஒரு பழைய வாங்கு கிடக்கிறதாம். அங்கே படித்தவர்கள் மூன்று பேர் அந்த யன்னலுக்கு உள்ளேயே வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருத்தி வெளியே வந்து, மைக்கிரஸ்கோப் இரண்டு பேருக்கு ஒன்று என்று சொன்னாளாம்.

"ரெண்டு பேருக்கு ஒண்டு காணும் மாமி" என்றாள் துளசி.

கனடாவுக்கு வருகிற எண்ணம் இப்போதைக்கு இல்லையாம். மச்சாள் என்னோடு இன்னும் முழுமனதாகக் கதைப்பதில்லை. போன கிழமை மட்டும் ரெலிபோனில், "வசந்திக்குக் கால் வீக்கமோ? நெடுக நிண்டு செய்யிற வேலையெல்லோ" என்று கேட்டா. முப்பது வருசத்தில் என் மகளைப் பற்றி ஊரில் இருந்து ஒருவர் உண்மையாகக் கேட்ட முதல் கேள்வி அது.

சட்டத்தை வசந்தி தன் வீட்டுக்குக் கொண்டு போய்விட்டாள். வெறும் ஆணி என்னத்துக்கு என்று, தன் பேக்கரி குடுத்த கலண்டரை அதில் கொழுவியிருக்கிறாள். மேலே பாண் படம். கீழே துளசிக்குப் படிப்புத் தொடங்குகிற நாளைச் சிவப்புப் பேனையால் நான் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். வருகிற ஆட்கள் என்ன நாள் அது என்று கேட்கிறார்கள். பாண் படம் போட்ட கலண்டர் ஆர் குடுத்தது என்றும் கேட்கிறார்கள். இரண்டுக்கும் மறுமொழி சொல்லுகிறேன்.